எட்டு டம்ளர்

போன் செய்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இன்றைக்கும் நாலு பேர் அது எதிர்வீட்டு டீச்சரம்மா செய்த வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அந்த அம்மா யார் வம்புக்கும் போகாதவர். அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற குணம் எனக்குத்தான் உண்டு. முப்பது வருஷமாக மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி என்று எது வந்தாலும் பிரித்துப்போட்டு, இதுதான் கோளாறு என்று கையில் எடுத்துக் காட்டியே பழகிவிட்டேன். மனிதர்களிடமும் அப்படித்தான் நடந்துகொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என் கடை கீழ்த்தளத்தில். கடைக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் என் கட்டில், அடுப்பு, ஒண்டிக்கட்டைக் குடித்தனம். நேர் மேலே முதல் மாடியில் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும். அதில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். அவன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். எத்தனை மாடி ஆனாலும் சாரத்தில் முதலில் ஏறுகிற ஆள் என்பதால் எல்லோருக்கும் அவன் சாரக்காரன். அவள் சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் கொடுத்துத் தேய்த்து மடிக்கிற இடம். ஒரு ஷிப்டுக்கு ஓர் ஆளுக்கு இருநூறு விரிப்பு. நீராவியும் சோப்புக் காரமும் பட்டு அவள் விரல்நுனிகளில் ரேகையே இருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் நாலாவது மாடிச் சாரத்தில் ஒரு முடிச்சு நழுவி அவன் விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகள் இரண்டும் பழையபடி வலுவாக இருந்தன, வாயும் குறையவில்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டு அனுப்பினார்கள். நாலு தரம் கிருமி தொற்றி, நாலு தரம் குளிர்ஜுரம் வந்து, கடைசியில் டாக்டரே குழாயை எடுத்துவிட்டார். அப்புறம் துணிதான். ரப்பர் விரிப்புக்கு மேல் நாலாக மடித்த பழைய துணி. பகலில் ஆளில்லாத நேரத்தில் அவனே நனைந்ததை உருவிக் கட்டிலுக்குக் கீழே இருக்கிற வாளியில் போட்டுவிட்டு, தலைமாட்டில் அடுக்கியிருக்கிற துணியில் ஒன்றை எடுத்துத் திணித்துக்கொள்வான். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குடிக்காவிட்டால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவள் காலை ஐந்தரைக்குப் போனால் சாயங்காலம் நாலரைக்கு வருவாள். வந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு இறங்குவாள். குழாயடி என் கட்டிலை ஒட்டிய சன்னலுக்கு வெளியே இருக்கிறது. கல்லில் துணி அடிபடுகிற சத்தம் நின்ற பிறகுதான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

வெயில் காலம் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம் அந்தச் சத்தம் பாதியில் நின்றது. அவள் படியேறி ஓடுவதும், மேலே வாளி சுவரில் மோதுவதும் கேட்டன.

"இன்னிக்கு எட்டு. எட்டு துணி. அங்க இருநூறு, இங்க எட்டு. என் கையப் பாரு, கையா இது? இன்னொரு துணி நனைஞ்சுதுன்னா நான் மொட்டை மாடியிலேர்ந்து குதிச்சிடுவேன். சொல்லிட்டேன், குதிச்சிடுவேன்."

கொஞ்ச நேரத்தில் அவள் இறங்கிவந்து மறுபடியும் துணியை அடித்தாள். சீச்சீ, இவளும் ஒரு மனுஷியா என்று நான் கட்டிலில் படுத்தபடியே நினைத்துக்கொண்டேன். படுத்துக்கொண்டு நினைப்பதில் எனக்கு என்ன கஷ்டம்.

பத்து நாள் கழித்து அவர்கள் மின்விசிறி நின்றுபோய், அதைச் சரிசெய்யப் பகலில் மேலே போனேன். சாவி வெளியே கம்பியில்தான் தொங்கும். உள்ளே போனதும் அவன் உதட்டைப் பார்த்தேன். வெடித்துக் கறுத்திருந்தது. சிரித்தபோது நடுவில் ரத்தம் கசிந்தது. தண்ணீர்க் குடமும் அதன்மேல் கவிழ்த்த டம்ளரும் அறையின் அந்தக் கோடியில், சுவரோரம். அவன் கைக்கு எட்டாது. எழுந்து நடக்கிறவனே ஐந்து எட்டு வைக்க வேண்டும்.

"என்ன தம்பி, தண்ணி அங்க இருக்கு?"

"அங்கதான் இருக்கும்ணே."

"தாகம் எடுத்தா?"

"அவ வந்து தருவா."

"அதுக்கு நாலரை மணி ஆகுமேப்பா."

"ஆகட்டுமே. எனக்கு என்ன, பஸ் பிடிக்கணுமா?"

டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேணாம்ணே, அப்புறம்" என்று கையை மடக்கிக்கொண்டான். பயந்து கிடக்கிறான் என்று முடிவு கட்டினேன். பெண்டாட்டி தண்ணீரை ஒளித்து வைக்கிறாள், புருஷன் வாய் திறக்கப் பயப்படுகிறான். கோளாறு கையில் கிடைத்துவிட்டது. விசிறியை ஓடவிட்டுவிட்டு இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஞாபகம் இருந்தது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பெரியவர்களை வீட்டில் யாராவது வதைத்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், சொல்கிறவர் பெயர் வெளியே வராது என்று போட்டிருந்தது. அன்றைக்கே சொன்னேன்.

மூன்றாம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு குடை, வெயிலில் அலைந்து அலைந்து செருப்பு வார் பதிந்த கால். வழக்கு விசாரிக்க வருகிறவர் என்பதால் தெருவில் கேஸ் மேடம் என்று அப்புறம் பெயர் வைத்தார்கள். சாரக்காரன் பெண்டாட்டிக்கு வார விடுமுறை நாளாகப் பார்த்து வந்திருந்தார். மேலே போய்ப் பத்து நிமிஷத்தில் அவளைக் கீழே அனுப்பிவிட்டார். சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசுவது அவர்கள் முறையாம்.

அவள் என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"யாரோ என் மேல பெட்டிஷன் போட்டிருக்காங்கண்ணே."

"யாரு?"

"தெரியல. நான் அவரைப் பட்டினி போடறேனாம். தண்ணி தரலையாம்."

"யாரா இருக்கும்," என்றேன். சொல்லும்போது ஓர் இஸ்திரிப்பெட்டியின் திருகாணியை மும்முரமாகத் திருகிக்கொண்டிருந்தேன்.

"குடத்தைத் தள்ளி வையின்னு அவருதான் சொன்னாருண்ணே. பக்கத்துல இருந்தா கை போயிடுது, தள்ளி வையின்னாரு. நானும் வெச்சேன். ஏன்னு கேக்கல." பிறகு, "கேட்டிருக்கணும்," என்றாள்.

இதைக் கேட்ட அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மழுப்புகிறாள் என்று நினைத்தேன்.

மேலே என்ன பேச்சு நடந்தது என்பதை அவனே பிற்பாடு சொன்னான். "உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்கண்ணே. விழுந்ததுலேர்ந்து அப்படி யாரும் கேட்டதில்ல. டாக்டர்கூட அவகிட்டத்தான் கேப்பாரு. நான் சொன்னேன், அவ ஒருநாள் நல்லாத் தூங்கணும்னு. அது அவங்களுக்கு, உங்களுக்கு என்ன வேணும்னாங்க. எனக்கு அதுதான் மேடம்னேன். எழுதிக்கிட்டாங்க."

அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் மேலே கூப்பிட்டு, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மேடம் பேசினார். நல்ல பெண், அதை மறுக்க மாட்டேன். அவளைப் பார்த்துக் குரலை உயர்த்தவில்லை. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது என்றார். அரசாங்க விடுதியில் இரண்டு வாரம் இவரை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு படுக்கை கேட்டு எழுதப்போவதாகவும், வரிசை இருக்கிறது, ஒரு மாதமாவது ஆகும் என்றும் சொன்னார். அதுவரைக்கும் ஓர் ஏற்பாடு. பையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்தார்.

"ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். எட்டு கட்டம். கொடுத்தவங்க கட்டத்துல டிக் போட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும். நீங்க காலையில போறதுக்குள்ள ரெண்டு, வந்ததும் நாலு. நடுவுல பதினோரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் யாராவது..."

"நான் தர்றேன்," என்றேன். எனக்குத்தான் துடிப்பு அதிகமாயிற்றே.

"ரொம்ப நல்லது சார். வாரம் ஒரு தடவை வந்து பாப்பேன்." அவர் அவளைப் பார்த்தார். "கட்டம் காலியா இருந்தா என்ன ஆகும்னு நான் உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா. கவனிப்பு இல்லன்னு எழுத வேண்டி வரும். இவரை இங்கேருந்து எடுத்துட்டுப் போகணும், நிரந்தரமா. உங்க மேல நடவடிக்கையும் வரலாம்."

அவள் தலையை ஆட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவன் அந்தத் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுவரில் எங்கே ஒட்டினால் பசை பிடிக்கும் என்று சொன்னான். சுவர் விஷயத்தில் அவன்தான் கெட்டிக்காரன்.

மறுநாளிலிருந்து நான் போனேன். பதினோரு மணிக்குச் சாவியை எடுத்துத் திறப்பேன், குடத்திலிருந்து டம்ளரை நிரப்புவேன், கட்டில் பக்கத்தில் இருக்கிற பலகையில் வைப்பேன், டிக் போடுவேன். "குடிச்சிடு தம்பி." "குடிச்சிடறேண்ணே, நீங்க போங்க, கீழ யாரோ கூப்பிடறாங்க." யாராவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். வெயில் காலத்தில் என் தொழில் அப்படி. ஊரிலுள்ள விசிறியெல்லாம் அப்போதுதான் உயிரைவிடும். இரண்டு மணிக்கு வந்தால் காலி டம்ளர் இருக்கும். மறுபடி நிரப்பி, டிக் போட்டுவிட்டு இறங்குவேன். மொத்தம் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்கு நானாக ஒரு புண்ணியக் கணக்கு எழுதிக்கொண்டேன்.

அவனோடு பேச்சில்லை என்று சொல்ல முடியாது. என்னைச் சீண்டுவான். "என்னண்ணே, இன்னிக்கு எத்தனை மிக்ஸியைக் கொன்னீங்க?" என்பான். எதிர்க் கட்டடத்துக்கு யாரோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்; சன்னல் வழியாக அதைப் பார்த்துக் காறித்துப்பாத குறை. "சுரண்டாமலே அடிக்கிறான் பாருங்க. ஒரு மழை தாங்காது. மேல பளபளன்னு இருக்கும், உள்ள பூத்துப்போயிருக்கும்." உதடு கொஞ்சம் ஆறியிருந்தது, அவள் எண்ணெய் தடவிவிட்டிருந்தாள். தண்ணீரால் ஆறியதாக்கும் என்று நான் நினைத்தேன்.

இரண்டாவது வாரத்தில் என் கடைக்கு வெளியே சுவரில் ஈரம் கண்டது. அவர்கள் சன்னலுக்குக் கீழே இருக்கிற மழைத் தடுப்புப் பலகையிலிருந்து ஒரு கோடு இறங்கி, என் பெயர்ப்பலகை வரைக்கும் பச்சைப்பாசி பிடித்தது. ஒரு சொட்டு மழையில்லாத மாசத்தில் பாசி. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். மேல்தொட்டியிலிருந்து வருகிற குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாததால் நானே ஏணி வைத்து ஏறிக் குழாயின் இரண்டு இணைப்புக்கு நாடா சுற்றினேன். இணைப்பு காய்ந்துதான் இருந்தது. காய்ந்த இணைப்புக்கு நாடா சுற்றிவிட்டு இறங்கிவந்த ஆள் நான். முப்பது வருஷத் தொழில் அனுபவம்.

மேடம் வாரா வாரம் வந்தார். தாளைப் பார்ப்பார், ஒவ்வொரு கட்டத்தையும் பேனாமுனையால் தொட்டுக்கொண்டே போவார். ஒன்றுகூட விடுபட்டிருக்காது. "இவ்வளவு ஒழுங்கா யாரும் செய்யறதில்ல," என்று அவளிடம் சொன்னார். முதல்முறையாக அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். மேடமும் வாங்கிக் குடித்தார்.

வீடு தெளிந்துகொண்டு வருகிறது என்றே எல்லோருக்கும் தோன்றியது. குழாயடிச் சத்தம் குறைந்தது. முன்பு முக்கால் மணி நேரம் அடிபடுகிற கல்லில் இப்போது கால் மணியில் வேலை முடிந்தது. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மங்கியது. ஒருநாள் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏதோ கேலி பேசிச் சிரித்ததைக் கேட்டேன். நான் போட்ட ஒரு போன் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, டீக்கடையில் பெயர் சொல்லாமல் இரண்டு பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

இருபத்தாறாம் நாள் பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தால் அறையில் ஒரு நாற்றம். அழுகின பழம் மாதிரி, உப்பு மாதிரி. அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். கையைத் தொட்டால் சுட்டது. தொட்ட இடத்தில் தோல் கிள்ளிவிட்டது போல் மடிப்பாகவே நின்றது. பலகையில் காலையில் அவள் வைத்த டம்ளர் காலியாக இருந்தது.

காற்று வரட்டும் என்று சன்னல் கதவை முழுக்கத் தள்ளினேன். வெளியே அந்த மழைத் தடுப்புப் பலகை. நடுவில் ஒரு குழி விழுந்து தண்ணீர் தேங்கி, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. சன்னல் சட்டத்திலும் ஈரம். அவன் கை எட்டுகிற அளவுக்குள் எல்லாம்.

என் சுவரில் பாசி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை நாளாடா தம்பி?"

அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது. "கொஞ்சம் குடிப்பேண்ணே. தொண்டை நனையற அளவு."

"ஏன்டா இப்படிப் பண்ணே? அவதான் ஒழுங்காத் தர்றாளே. நான் தர்றேனே."

"தர்றீங்க. கட்டம் நிறையணும்ல. நிறையலன்னா அவ மேல வந்திடும்." மூச்சு வாங்கிக்கொண்டான். "குடிச்சா துணி நனையும்."

"நனைஞ்சா துவைக்கிறா. அதுக்காக?"

"நீங்க துவைச்சுப் பாருங்கண்ணே." இதைச் சொல்லி அவன் சிரிக்கப் பார்த்தான். "அவகிட்டச் சொல்லாதீங்க."

நான் டம்ளரை நிரப்பி அவன் வாயில் வைத்தேன். இரண்டு மிடறு உள்ளே போய், போன வேகத்தில் வாந்தியாக வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவனுக்குப் பிதற்றல் வந்துவிட்டது. சலவைக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பி அவள் வந்தாள், இடுப்பில் கட்டிய ரப்பர் ஏப்ரனைக் கழற்றாமலே. வரும்போதே வீட்டுக்குப் போய்ச் சுவரிலிருந்த தாள்களைக் கிழித்துக் கையில் கொண்டுவந்திருந்தாள்.

டாக்டர் ஒரு நடுவயது அம்மா. அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். "இந்த ஆளு சரியாத் தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு?"

"தினம் எட்டு டம்ளர் டாக்டர்," என்று அவள் தாள்களை நீட்டினாள். "இருபத்தஞ்சு நாளும் இருக்கு. நீங்களே பாருங்க."

டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் அவன் போனான். அவள் அழுததைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மேடம் வந்து சுவரோரமாக நின்றார். என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், "உள்ள போனதை எண்ணினேன் சார், வெளிய வந்ததை எண்ணல," என்றார். "துணி எத்தனை நனையுதுன்னு ஒரு கட்டம் போட்டிருந்தா முதல் வாரமே தெரிஞ்சிருக்கும். அவரு காதுல விழற மாதிரி அந்த நடவடிக்கைப் பேச்சையும் பேசியிருக்கக் கூடாது." எனக்கும் அவருக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அறிக்கை போயிருந்தது. தண்ணீர் வற்றிச் செத்த உடம்பு. ஏற்கெனவே புகார் உள்ள வீடு. ஒரு மாதத்துக்குள் மேடத்தின் மேலதிகாரி எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார். இரண்டாவது மாடியில் நீளமான அறை, இரண்டு பக்கமும் கோப்பு அடுக்கிய அலமாரி, நடுவில் மேசை. அதிகாரி நிதானமான மனிதர். அவள் வெள்ளையடித்த சுவரைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேடம் ஓர் ஓரத்தில்.

அதிகாரி முதலில் என்னைத்தான் கேட்டார். எல்லாத் தாளையும் மேசையில் பரப்பியிருந்தார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானே? பதினோரு மணி, ரெண்டு மணி."

"ஆமா சார்."

"நீங்க அக்கம்பக்கம். இந்த அம்மாவுக்குச் சொந்தம் கிடையாது. அதனால உங்க வார்த்தைதான் முக்கியம். இந்தம்மா தண்ணி தராம இருந்தாங்களா, இல்ல கட்டத்தை மட்டும் நிரப்பினாங்களான்னுதான் எனக்குத் தெரியணும். அவரு குடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. பார்க்கவில்லை என்று சொன்னால் அவள் சிக்குவாள். இல்லை என்றால் நானும் சிக்குவேன். அவளிடம் சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் தோதாக இருந்தது.

"பாத்தேன் சார். எப்பவும் நல்லாக் குடிப்பாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார், "சார், இதுல என் பக்கமும்..." என்று தொடங்கினார். "உங்க அறிக்கையை எழுத்துல கொடுங்க, அப்புறம் பாக்கலாம்," என்று அதிகாரி நிறுத்திவிட்டார்.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவள் எழுந்து நின்றாள். "அவரு குடிக்கல சார்."

"அம்மா, இவரு பாத்ததாச் சொல்றாரே."

"இவரு பாக்கல. நானும் பாக்கல. வெச்சிட்டு ஓடிடுவோம். எனக்கு பஸ்ஸு, இவருக்குக் கடை." மேசையிலிருந்த தாள்களைக் காட்டினாள். "தண்ணி வெச்சது நிஜம். குடிக்கலன்னு எனக்குத் தெரியும் சார். எட்டு துணி அஞ்சாச்சு. அஞ்சு மூணாச்சு. கடைசியில ரெண்டு. எட்டு டம்ளர் உள்ள போற உடம்புக்கு ரெண்டு துணியா? துணி துவைக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரிஞ்சும் கேக்கல. கேட்டா பழையபடி எட்டாயிடும்னு கேக்கல. இதையும் எழுதிக்குங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "துக்கத்துல பேசறீங்கம்மா. இப்ப இதை நான் எழுதினா யாருக்கு என்ன லாபம்? தாள் சரியா இருக்கு, சாட்சி இருக்கு. தொற்றுல இறந்தாரு. போய்ட்டு வாங்க."

அவள் கும்பிடாமல் வெளியே போனாள். நான் பின்னாலேயே இறங்கினேன். வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு பெரிய வழக்கிலிருந்து தப்பவைத்திருக்கிறேனே.

"அண்ணே, போன் பண்ணது நீங்கதானே," என்றாள்.

யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அன்னிக்கு முக்காலியில உக்காந்தப்பவே தெரியும். அதுக்கு நான் கோவிச்சுக்கல. நான் கத்தினது உங்களுக்குக் கேட்டிருக்கும், நீங்க பண்ணீங்க. பண்ண வேண்டியதுதான்." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "ஆனா இப்ப ஒண்ணு சொன்னீங்களே. அவரு எனக்காகத்தாண்ணே குடிக்காமக் கிடந்தாரு. நாக்கு வறண்டு, எரிஞ்சு, இருபத்தஞ்சு நாளு. எந்தப் புருஷன் கிடப்பான்? அதைப் போயி நல்லாக் குடிச்சாருன்னு எழுத வெச்சிட்டீங்களே."

அவள் ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். நான் கூடப் போகவில்லை. பஸ் வந்தது, அவள் ஏறினாள், போய்விட்டது. நான் திரும்பி இரண்டு மாடி ஏறினேன்.

அதிகாரி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். மேடம் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

"சார், நான் பாக்கல."

"எதைப் பாக்கல?"

"அவரு குடிச்சதை. வெச்சேன், டிக் போட்டேன், வந்துட்டேன்."

"முன்னாடி சொன்னது பொய்யா? உங்க மேலயும் வரும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கட்டை அவிழ்த்து, தாள்களை என் பக்கம் தள்ளி, சிவப்புப் பேனாவை மேலே வைத்தார். "பாக்காததையெல்லாம் நீங்களே அடிச்சுப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

முதல் நாளிலிருந்து தொடங்கினேன். பதினோரு மணி, அடித்தேன். இரண்டு மணி, அடித்தேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நாலாம் நாள் பதினோரு மணிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. கடையில் வேலை இல்லாததால் மேலே போய் அவன் கட்டிலில் உட்கார்ந்து, அரைமணி நேரம் வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் அவன் டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.

அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்தேன்.